நான் பார்த்துப் பார்த்து எடுத்த மெஷின்

என் வலது கை மோதிர விரல் முழுதாக மடங்காது. கேட்கிறவர்களிடம் வாதம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வாதமாவது மண்ணாங்கட்டியாவது! யுத்தத்துக்கு முந்தின வருஷங்களில், கரமனை அக்கிரகாரத்தில், ஒன்பது பேருடைய துணியைச் சோடாக்காரத்தில் போட்டுக் கசக்கிய கை இது. அதைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி இருந்தது. அந்த வழி எப்படி அடைபட்டது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அங்கே போனபோது எனக்குப் பதினாறு வயது. மாமனார், மாமியார், என் கணவர், அவருக்குக் கீழே தம்பி தங்கைகள் ஐந்து பேர், நான். சமையற்கட்டு மாமியாருக்கு, கிணற்றடி எனக்கு என்று வந்த மறுநாளே தீர்ப்பாகிவிட்டது. கணவரின் ஆபீஸ் கோட்டும் ஷர்ட்டும் மட்டும் சலவைக்காரரிடம் போகும். மற்றதெல்லாம் மடித்துணி. வீட்டு மனுஷி குளித்துவிட்டுத் தன் கையால் துவைத்து, யார் மேலும் படாமல் உயரக் கொடியில் உலர்த்தி எடுத்தால்தான் அது மடி. வெளியாள் தொட்டால் போச்சு. மாமியாரின் ஒன்பது கெஜம் நனைந்துவிட்டால் ஒரு கன்றுக்குட்டி கனம் கனக்கும்.

இரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் விரலிடுக்கெல்லாம் வெடித்தது. முதலில் அரிப்பு, அப்புறம் வெடிப்பு, அப்புறம் ரத்தம். ரசஞ்சாதம் பிசைந்தால் உச்சந்தலை வரை எரியும். வெறும் தயிர்சாதத்தை விழுங்கிக்கொண்டு எத்தனை நாள் இருந்தேன் தெரியுமா? அதைப் பார்த்துவிட்டு என் கணவர்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சோடாவும் சோப்பும் இனி இந்தக் கையில் படவே கூடாது, பட்டுக்கொண்டே இருந்தால் விரல்கள் விறைத்துப்போய் அப்புறம் மடங்காது என்று சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் வந்து சொன்னோம். "களிம்பைத் தடவிண்டு துவைச்சாப் போறது. இதுக்கெல்லாம் ஒரு டாக்டராக்கும்!" என்றாள் மாமியார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் கையும் ஒரு காலத்தில் அப்படி வெடித்திருக்கும். தானே பட்டவள் சொன்னாளே என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

என் கணவர் நல்லவர். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல எனக்கு மனசு வராது. ஆபீஸில் யாரோ சொல்லக் கேட்டு, சாலைக்கடைத்தெருவில் துணி துவைக்கிற மெஷின் வந்திருக்கிறதாம் என்ற செய்தியை அவர்தான் கொண்டுவந்தார். மாமனாரிடம் பேசிச் சம்மதமும் வாங்கினார். வெளியாள் தொடப்போவதில்லை, வீட்டுப் பெண்ணே ஓட்டப்போகிறாள், மடிக்கு ஒரு குறைவும் இல்லை என்று மாமனார் யோசித்து ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"தோல் கீல் ஒண்ணும் அதுல இருக்கப்படாது. பைப்புல பட்டதே மதி, போறும்."

பைப்பில் பட்டது என்னவென்றால், தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்த புதிதில் எங்கள் வீட்டுக்கும் ஒரு குழாய் போட்டார்கள். தண்ணீர் ஒழுகாமலிருக்க அதன் திருகுக்குள்ளே தோல் வாஷர் வைத்திருக்கிறது என்று யாரோ மாமனார் காதில் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், குழாய் மாட்டுக்கொட்டகையோடு நின்றது. பசு அந்தத் தண்ணீரைக் குடிக்கும். அதன் பாலை நாங்கள் குடிப்போம். அந்தத் தண்ணீரை மட்டும் நாங்கள் தொடமாட்டோம்.

அந்த வருஷம் ஓணத்துக்கு ஆபீஸில் கொடுத்த முன்பணத்தில் பாதியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அகத்துப் பெண் கடைத்தெருவில் நின்றாள் என்று பேச்சு வரக்கூடாதே, அதனால் பத்மநாப சுவாமி கோவிலுக்கு என்று சொல்லிக்கொண்டோம். சுவாமியையும் பார்த்துவிட்டுக் கிழக்கேகோட்டையைத் தாண்டிச் சாலைக்கடைத்தெருவில் நுழைந்தோம். கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்து மனுஷர். என் கணவரிடம்தான் பேச ஆரம்பித்தார், ஆனால் கேள்வியெல்லாம் என்னிடமிருந்து வந்ததால் மெதுவாக என் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதலில் காட்டியது ஒரு மரப் பீப்பாய், பக்கத்தில் கைப்பிடி, மேலே துணி பிழிய இரண்டு உருளை. "சீமைச் சாமான் அம்மா. பிடியச் சுத்தினாப் போதும், உள்ள தானாத் துவைச்சுக்கிடும், கேட்டியளா?" என்றார். எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. குனிந்து அடியில் பார்த்தேன். பல் சக்கரங்கள்.

"ஒன்பது கெஜம் இதுல மாட்டிண்டா யார் எடுக்கறது? ஒரு பல் ஒடிஞ்சா இங்கே கிடைக்குமோ?"

"பம்பாய்க்கு எழுதணும்."

எழுதி, அது வந்து, அதுவரை ஒன்பது பேரும் என்ன கட்டிக்கொள்வது? வேண்டாம் என்றேன். விலையும் எங்களுக்கு எட்டாத விலை.

அடுத்தது தொட்டில் மாதிரி ஆடும் தகரப் பெட்டி. மலிவு. மூலையில் ஈயப்பற்று வைத்திருந்த இடத்தை நகத்தால் கீறினேன், பொடியாக உதிர்ந்தது. இங்கே பெய்கிற மழையில் இது எத்தனை நாள் துருப்பிடிக்காமல் இருக்கும் என்று கேட்டேன். கடைக்காரர் மண்டையைச் சொறிந்தார். நானும் அதைத் தள்ளி வைத்தேன்.

மூன்றாவதை அவரே ஒரு ஓரத்திலிருந்து எடுத்தார். செம்பில் மணி போல ஒரு குடுவை, தலையில் நீளமாக ஒரு மரப்பிடி. அண்டாவில் வெந்நீரும் சோடாவும் துணியும் போட்டு, நின்றபடியே இதை அமுக்கி அமுக்கி இழுக்க வேண்டும். துணிக்குள்ளே தண்ணீரைச் செலுத்தும், உறிஞ்சும், அழுக்கு போய்விடும். சக்கரம் இல்லை, பற்று இல்லை, துருப்பிடிக்காது, கை தண்ணீரில் படவே படாது. நல்ல கனமான செம்பு. பிடி உளுத்தால் எந்த ஆசாரியும் வேறு போட்டுத் தருவார். எனக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. கடைசியாக அதைக் கவிழ்த்துப் பார்த்தேன்.

உள்ளே வட்டமாக ஒரு தோல்.

"நல்ல தோலு அம்மா. இழுத்தா மூடும், அமுக்கினா தொறக்கும். தேஞ்சு போனாலும் இங்கனயே ஒண்ணு வெட்டிப் போட்டுக்கிடலாம்" என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்.

ரப்பரில் கிடைக்காதா என்றேன். இல்லை என்றார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எடுத்துக்கோ. உள்ளே யார் கவுத்துப் பாக்கப் போறா? அப்பா ஏதாவது கேட்டா நான் பாத்துக்கறேன்" என்றார். இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி சிரித்தோம். கல்யாணமாகி அத்தனை நாளில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆறு மாசம் நான் மகாராணி. அண்டாவுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றுகொண்டு மொத்து மொத்தென்று அமுக்குவேன். சோடா போக நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசின பிறகுதான் பிழியக் கை வைப்பேன். புண் ஆறிற்று. புதுத் தோல் ரோஜா நிறத்தில் வந்தது. ஒரு நாள் ரசஞ்சாதம் பிசைந்து சாப்பிட்டுவிட்டு இலை முன்னாலேயே அழுதுவிட்டேன். பக்கத்தகத்து மாமி வந்தால், "நம்மாத்து மெஷினைப் பாத்தேளா? என் புடவை எப்படி வெளுத்திருக்கு பாருங்கோ" என்று மாமியாரே கூட்டிப் போய்க் காட்டுவாள்.

கோடை வந்ததும் மெஷின் உறிஞ்சுவதை நிறுத்தியது. கவிழ்த்துப் பார்த்தால் தோல் காய்ந்து ஓரம் சுருண்டிருந்தது. சாலைக்கடைத்தெருவில் ஒன்று வெட்டி வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று கணவரிடம் சொன்னேன். நாளைக்கு என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். செருப்புக் கடையில் போய் நிற்கக் கூச்சமாம். சரி, நாமே பார்ப்போம் என்று தோலைக் கழற்றி, ஒரு கொட்டாங்கச்சியில் தேங்காயெண்ணெய் விட்டு, அதில் ஊறப் போட்டுக் கிணற்றடி மாடத்தில் வைத்தேன். மெத்தென்று ஆனால் இன்னும் கொஞ்ச நாள் ஓடுமே என்ற கெட்டிக்காரத்தனம்!

மாமியார் அந்தப் பக்கம் மடியோடு வந்தாள். ஏதோ வத்தலை எண்ணெயில் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக் கையில் எடுத்தாள். கிள்ளிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

அவள் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

கூடத்தில் விசாரணை. மாமனார் ஜபத்துக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. என் கணவர் ஆபீஸுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

"போன மாசம் அப்பா திவசத்துக்கு நான் கட்டிண்ட வேஷ்டியும் இதுல துவைச்சதுதானோ?" என்று மாமனார் கேட்டார். மனுஷருக்கு நிஜமாகவே வலித்தது, அதை நான் மறுக்கவில்லை. "தோல் இருக்குன்னு தெரிஞ்சேதான் வாங்கினேளா?"

வாங்கினேளா என்றுதான் கேட்டார். கேள்வி இரண்டு பேருக்கும். நான் என் கணவரைப் பார்த்தேன். பார்த்துக்கறேன் என்று சொன்னவர் அவர்தானே?

"எனக்கு இந்த மெஷின் விஷயமெல்லாம் ஒண்ணும் தெரியாதுப்பா" என்றார் அவர். "அவதான் பாத்துப் பாத்து எடுத்தா."

அதைக் கேட்டதும் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. மாமனார் முன்னால் நான் வாயைத் திறந்து பேசியதே கிடையாது. அன்றைக்குத் திறந்தேன். "நீங்க உக்காந்திருக்கறது எது மேலயாம்? பஜனை மடத்து மிருதங்கத்துக்கு ரெண்டு பக்கமும் என்ன கட்டியிருக்கு, வாழைப்பட்டையோ?"

அவர் உட்கார்ந்திருந்தது மான்தோலில். "மான் வேறடி, அது சாஸ்திரம்" என்றார், என்னைப் பார்க்காமலே. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். என் கணவர் குடையை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு லேட் ஆகிவிடுமாம்.

எல்லாருக்கும் பஞ்சகவ்யம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்த அத்தனை துணியையும், கட்டினது கட்டாதது ஒன்று விடாமல், திரும்பத் துவைக்க வேண்டும் என்று ஆயிற்று. நான்தான், கையால்தான். மூன்று நாள் துவைத்தேன். இரண்டாம் நாளே பழைய வெடிப்பெல்லாம் வாய் திறந்துவிட்டது. செம்பு மட்டும் சுத்தமாம், அதனால் மெஷினின் பிடியைப் பிடுங்கிவிட்டுப் பாத்திரக்கடையில் போட்டு மாமியார் ஒரு தவலை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மெஷின் என்ற பேச்சே கிடையாது.

என் கணவர் மறுபடியும் களிம்பு வாங்கி வந்து தந்தார். "ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "அப்பா முகத்தைப் பாத்ததும் வாய் வரலை. எனக்கும் தெரியும்னு நாளைக்குச் சொல்லிடறேன்" என்றார். நான் அந்த நாளைக்காகக் காத்திருந்தேன், பைத்தியக்காரி! அவர் சொன்னால் பாதிப் பழியாவது குறையும், ரப்பரில் ஒன்று தருவித்துக்கொள்ளலாம் என்று கேட்க எனக்கு ஒரு வாய் கிடைக்கும் என்று எண்ணினேன். அவர் சொல்லவில்லை. வெறுமே கிடந்த கொடியில் நான்தான் திரும்பத் திரும்பத் துணி போட்டேன்.

இரண்டு கோடை கழித்துக் கிணறு வற்றியது. மாட்டுக்கொட்டகைக் குழாயைச் சமையற்கட்டுக்கே இழுத்துவிட்டார்கள். ஓடுகிற ஜலத்துக்குத் தோஷமில்லை என்று மாமனாரே சொல்லிவிட்டார். மெஷினில் மட்டும் என்ன, தண்ணீர் தூங்கிக்கொண்டா இருந்தது? கேட்கலாம்தான். ஆனால் அதற்குள் மோதிர விரல் விறைத்துவிட்டது. கேட்டு என்ன ஆகப்போகிறது?

மாமனார் போனார். பிறகு மாமியாரும் போனாள். மச்சினர்கள் தனித்தனியே குடித்தனம் போய்விட்டார்கள். பெரிய வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவருக்கும் ரிட்டயராகிவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் நான் உலர்ந்த வேஷ்டிகளை மடித்துக்கொண்டிருந்தேன். விரல் மடங்காததால் எனக்கு நேரமாகும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு எனக்கும் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம், இல்லியோ?"

"சொல்லியிருக்கலாம்" என்றேன். "சொல்லியிருந்தா என் கை எனக்கு மிஞ்சியிருக்கும்."

அவர் கடைசி வேஷ்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "கொஞ்சம் காப்பி கிடைக்குமா?" என்று கேட்டார்.

எழுந்து போய்ப் போட்டுக் கொடுத்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.