அரைவேக்காட்டு ஈரல்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த ஊரிலும் ஒரு வருசம் தரித்ததில்லை. காங்கேசன்துறையில் மூட்டை சுமக்கிற வேலை நின்றபோது, உரும்பிராயில் தங்கச்சி வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குப் போனேன். அவள் பிள்ளைத்தாச்சி. வெங்காயத் தோட்டத்தில் வெறுங்கையால் புல்லுப் பிடுங்கினாள். தன் சோற்றில் கொஞ்சத்தை ஒரு பூனைக்குப் போட்டாள். ஞாயிறுகளில் மாமியார் ஆட்டு ஈரலைச் சட்டியில் ஒரு பிரட்டுப் பிரட்டி அவளுக்கு வைப்பா. வெட்டினால் உள்ளே சிவப்பு.

"மிஞ்ச வெந்தால் சத்துப் போயிடும். தின்னு, இரத்தம் ஊறட்டும்."

மிச்சத்தை நான் தின்றேன்.

தங்கச்சிக்குக் கழுத்தில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்து போனது. ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. பிள்ளை பிறந்தது. முகத்துக்கு நேரே விளக்கைக் காட்டினாலும் கண் அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் விளங்கச் சொன்னார். "டொக்சோ எண்டு ஒரு கிருமி. வயித்திலை இருக்கேக்கையே தாயிட்டையிருந்து வந்திருக்கு. பூனைப் பீ கலந்த மண்ணாலை வரும், வடிவா வேகாத இறைச்சியாலையும் வரும். எதாலை எண்டு இனிச் சொல்ல ஏலாது. மருந்து தாறம். ஆனால் கண்ணுக்குப் பின்னாலை விழுந்த வடு மாறாது."

டொக்டர் சொன்னதில் மாமியார் பூனையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தா.

"பூனையைக் கொஞ்சிக் கொஞ்சிப் பிள்ளையின்ரை கண்ணைக் குடுத்திட்டாள்."

நான் ஈரலைச் சொன்னேன்.

"நீயும்தானே திண்டனி? உனக்குக் கண் அவிஞ்சதோ?"

"என்ரை வயித்திலை பிள்ளை இல்லை, மாமி."

"ஓம், சோறு மட்டும்தான். அதுவும் எங்கடை சோறு."

தங்கச்சியின் புருசன் சிரித்துவிட்டார். பின்னேரம் பூனையை உரப்பைக்குள் போட்டுக் கட்டி, மண்வெட்டிப் பிடியால் அடித்தார்.

"அதை அடிச்சால் இவனுக்குக் கண் வருமோ?" என்று தங்கச்சி கேட்டாள்.

"அப்ப உனக்கு அடிக்கட்டோ?"

பிள்ளை பார்க்க வருகிற ஒவ்வொருத்திக்கும் மாமியார் வாசல் படலையிலேயே பூனைக் கதையைத் தொடங்கிவிடுவா. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் தங்கச்சி ஈரலைச் சொன்னாள்.

"பெத்த தாய் மாதிரிச் சமைச்சுப் போட்டவ. அவவைச் சொல்லாதை, பிள்ளை."

மாமியார் நெஞ்சில் அடித்து உரத்து அழத் தொடங்கினா. அப்போது பிள்ளைக்குக் குரல்கள் பிடிபடுகிற வயது. அந்த வீட்டில் உரத்த குரல் அவவுடையதுதான். அவன் தலையை அந்தப் பக்கம் திருப்பி, பல்லில்லாத வாயால் சிரித்தான். தங்கச்சி அவனை மற்றத் தோளுக்கு மாற்றினாள். அவன் கழுத்தை வளைத்துத் திரும்பவும் அந்தக் குரலையே தேடினான்.