டெல்லியில் இருப்பதே தொழில்

எங்கள் மாடியில் குடியிருந்த ஜம்புநாதனுக்கு என்ன தொழில் என்று யாராவது கேட்டால், "டெல்லியில் இருப்பது" என்றுதான் சொல்வேன். கோயம்புத்தூர் பம்ப்செட் கம்பெனிகளுக்கு அவர் டெல்லிப் பிரதிநிதி. சர்க்கார் ஆபீஸ் கவுண்டரில் டெண்டர் ஃபாரம் வாங்குவார். ரயிலில் ஊருக்குப் போகிற ஏதாவதொரு அப்பாவிக் குடும்பத்தின் தலையில் அந்தப் பொட்டலத்தைக் கட்டிவிடுவார். அவ்வளவுதான் வித்தை. இதற்கு எத்தனை ஜம்பம்!

"ஊர்ல எவ்வளவு பெரிய ஃபாக்டரி வேணா கட்டட்டும் ஓய். கையெழுத்து இங்கதானே ஆகணும்?" என்பார், தானே கையெழுத்துப் போடுகிற மாதிரி.

அவர் மனைவி சியாமளா, வாடகை கொஞ்சம் குறைவாக இருக்கிற மயூர் விஹார் பக்கம் போய்விடலாம் என்று வருஷக்கணக்காகக் கெஞ்சினாள். "கரோல் பாக் அட்ரஸ் போனா பிசினஸே போச்சுடீ!" என்று அவள் வாயை அடைத்துவிடுவார். அந்த அட்ரஸுக்காக அவள் டியூஷன் எடுத்துத் தொண்டை வறண்டாள்.

பிறகு இன்டர்நெட் வந்தது. டெண்டரைப் பார்ப்பது, ஃபாரம் எடுப்பது எல்லாம் ஊரிலிருந்தே நடந்தது. கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. அப்போதாவது இந்த மனுஷன் கம்ப்யூட்டரைத் தொட்டாரா? "அது டப்பா ஓய், பியூனைத் தெரியுமா அதுக்கு?" என்றார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டாயிரத்து ஆறில் மிஞ்சியது ராஜகோபாலனின் கம்பெனி ஒன்றுதான். அதுவும் கைவிட்டால் வாடகைக்கு வழியில்லை, வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

ஒருநாள் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் விஷயமாக மாடிக்குப் போயிருந்தேன். ஜம்பு பனியனோடு சோபாவில் காலை நீட்டிக்கொண்டிருந்தார். மொபைல் அடித்தது. ராஜகோபாலன்தான். அந்த போனில் பேசினால் அறை முழுக்கக் கேட்கும்.

"ஏனுங்க ஜம்பு சார், எங்க இருக்கீங்க?"

"கவுண்டர்ல சார்! பயங்கரக் கூட்டம். க்யூவுல நின்னுண்டிருக்கேன்," என்றவர் வாயைத் திருப்பி, "அரே பையா, தக்கா மத் மாரோ!" என்று, க்யூவில் யாரோ இடித்துத் தள்ளுகிற மாதிரி, சுவரைப் பார்த்துக் கத்தினார். சீ, இப்படியும் ஒரு பிழைப்பா என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அந்தக் கவுண்டரை மூடி மூணு மாசமாச்சுங்களே," என்றார் ராஜகோபாலன், குரலை உயர்த்தாமல். "இன்டர்நெட்லயே போட்டிருக்காங்க. டெண்டரை நேத்தே நாங்க இங்கிருந்து அனுப்பியாச்சுங்க. சும்மா கேட்டுப் பார்த்தனுங்க. இனி நீங்க டெல்லியில இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதானுங்க."

போன் கட்டாகிவிட்டது. சமையலறை வாசலில் சியாமளா வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் ஜம்பு போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அச்சா சார்... கட்டாயம் சார்... இன்னிக்கே வாங்கி அனுப்பிடறேன் சார்..."

சியாமளா சோபா பக்கத்தில் வந்தாள்.

"அவர் வெச்சுட்டார்," என்றாள். "நீங்களும் வெச்சுடுங்கோ."