மூன்று வானங்களும் வதனியின் ஒரு நிபந்தனையும்

பாரிசின் லா சப்பலில், ரூ காய் தெருவில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடையில், கல்லாவுக்குப் பின்னால் ஒரு புகைப்படம் ஒட்டியிருக்கிறேன். பச்சை வயல், கறுத்த மேகம், அதிலிருந்து தரைவரை இறங்கும் ஒரு வெள்ளைத் தூண். வெந்தயம் வாங்க வருகிறவர்கள் எல்லாம் "இது எவடம்?" என்று கேட்கிறார்கள். அவர்களில் நான்கைந்து பேர் உண்மையாகவே இந்தச் சுழல்காற்றை, டொர்னாடோவை, பார்க்கப் போக யோசிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படம் 2016 மே மாதம், அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் எடுத்தது. அதற்கு முன் ஆறு வருடம் பிரான்சுக்குள்ளேயே அலைந்தேன். அதையும் சொன்னால்தான் உங்களுக்குக் காசு மிச்சம்.

முதலில் வடக்கு. 2010 ஜூனில் கடையின் வான் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு காம்ப்ரே பக்கம் போனேன். லா சப்பலிலிருந்து 175 கிலோமீட்டர், இரண்டு மணித்தியாலம், டீசலும் சாலைக் கட்டணமும் சேர்த்து 58 யூரோ. நல்ல சமவெளி, பார்வைக்குத் தடையில்லை. ஆனால் மேகம் தலையில் முட்டுகிற மாதிரித் தாழ்ந்து கிடக்கும், எதன் உருவமும் பிடிபடாது. நான்கு முறை போனேன், நான்கு முறையும் நனைந்த கோழியாகத் திரும்பினேன். கிட்ட இருக்கிறது, மலிவு. வேறு நல்லது சொல்ல எனக்குத் தெரியவில்லை.

2012 ஜூலையில் தென்மேற்கே லாந்த் பகுதி. போர்தோவுக்கு ரயிலில் மூன்றேகால் மணித்தியாலம், அங்கே கார் வாடகைக்கு எடுத்துத் தெற்கே 130 கிலோமீட்டர். மூன்று நாளுக்கு 430 யூரோ ஆனது. மின்னலுக்கு இந்த இடத்தை அடிக்க ஆளில்லை. பின்னேரம் ஆறு மணிக்கு மலைப் பக்கமிருந்து இடிமேகம் எழும்பி வரும்போது நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் எங்கே பார்த்தாலும் பைன் மரம். டொர்னாடோ வந்தாலும் மரத்துக்குப் பின்னால்தான் வரும். மின்னல் போதும் என்கிறவர்கள் இதோடு நின்றுவிடலாம்.

இவை எல்லாம் நான் தனியாகப் போனவை. என் மனைவி வதனி மன்னார்க்காரி. பாரிசில் இடி முழங்கினால் ஜன்னல்களை அடைத்துவிட்டு, செபமாலையோடு குளியலறைக்குள் போய்விடுவாள். குண்டுவீச்சுக்குள் வளர்ந்தவள். நானும் யாழ்ப்பாணத்தில் அதே வானத்தின் கீழ் வளர்ந்தவன்தான், ஆனால் அதெல்லாம் எனக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்திருந்தேன். குளியலறைக் கதவைத் தட்டி, "வெளியிலை வாரும், அது வெறும் மழை" என்று பகிடி பண்ணுவேன்.

ஒக்லஹோமாவுக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளாகவே வந்து சொன்னாள்.

"நானும் வாறன். ஆனால் நான் திருப்பச் சொன்னால் காரைத் திருப்போணும். ஏன் எண்டு கேக்கக் கூடாது."

"ஓம்" என்றேன். மனதுக்குள் பயம்தான். ஆறு வருடம் காத்திருந்த பயணம், நல்ல நேரம் பார்த்து இவள் திருப்பச் சொல்லிவிட்டால்?

வெள்ளிக்கிழமை காலை கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையம், அங்கிருந்து டாலஸ் பத்தரை மணித்தியாலம். பிறகு காரில் 330 கிலோமீட்டர். களைத்துப்போய் ஒக்லஹோமாவில் ஒரு சிறு ஊரில் அறை எடுத்தோம், நாளுக்கு 58 டாலர்.

மறுநாள் சனிக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி. காரில் தண்ணீர்ப் போத்தல்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். சைரன் ஊதியது. பாரிசில் மாதத்தின் முதல் புதன்கிழமை மதியம் ஒத்திகைக்காகச் சைரன் ஊதும். பதினேழு வருடம் கேட்டுக் கேட்டு எங்களுக்குள் ஒரு சட்டமே பதிந்திருந்தது: புதன் என்றால் ஒத்திகை, வேறு நாள் என்றால் உண்மை. அடுத்த கணம் இரண்டு பேரும் வாகனத் தரிப்பிடத்து வாய்க்காலுக்குள் குப்புறக் கிடந்தோம். காதைப் பொத்தி, வாயைத் திறந்து, முழங்கையை ஊன்றி, ஊரில் குண்டுக்குப் படுத்த மாதிரியே. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. வானமோ கழுவித் துடைத்த நீலம்.

துவாய்க் கட்டோடு வந்த துப்புரவுப் பெண் பதறிப்போய் எங்களைத் தூக்கிவிட்டார். இந்த ஊரில் டொர்னாடோச் சைரனுக்குச் சனிக்கிழமைதான் ஒத்திகை என்று சொல்லி, எங்கள் உடுப்பிலிருந்த சேற்றைத் தன் துவாயாலேயே துடைத்தார். அந்த அம்மாவை நான் மறக்கவே மாட்டேன்.

வதனி என்னைப் பார்த்தாள். "நீங்களும் படுத்திட்டியள்" என்றாள். பிறகு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று நான் விட்ட பகிடிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

திங்கட்கிழமை மாலை 5.40. ஊருக்கு மேற்கே, நேர்கோட்டில் கிடக்கும் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். எதிரே மேகத்தின் அடிப்பகுதி ஆட்டுக்கல் மாதிரி மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. எங்களுக்கு முன்னால் நான்கு கார்கள் அதை நோக்கிப் போயின.

"இஞ்சேருங்கோ, திருப்புங்கோ."

"இன்னும் இரண்டு நிமிஷம்" என்பது என் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன். வாய்க்காலில் உரசிய என் முழங்கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. திருப்பினேன். எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே தெற்குப் பாதையில் 11 கிலோமீட்டர் ஓட்டினேன்.

"இப்ப நிப்பாட்டுங்கோ" என்றாள்.

இறங்கித் திரும்பிப் பார்த்தோம். மழைத்திரைக்கு வெளியே, தலைமுதல் கால்வரை முழுசாக, வெள்ளைத் தூணாக நின்றது. பதினான்கு நிமிடம். நான் பார்த்துக்கொண்டே நிற்க, கமராவை வதனி வாங்கிப் படம் எடுத்தாள்.

"சத்தமே இல்லை" என்றாள். "இவ்வளவு பெரிசு. ஒரு சத்தமும் இல்லை." அவள் கண்ணெல்லாம் தண்ணீர். எனக்கும்தான்.

வயலிலேயே எழுந்து வயலிலேயே அடங்கியது, ஒருவருக்கும் சேதமில்லை என்று கார் வானொலியில் கேட்ட பிறகுதான் சிலுவை போட்டு நன்றி சொன்னாள். திரும்பும் வழியில் பெட்ரோல் நிலையத்தில், எங்களுக்கு முன்னால் போன ஒருவரைச் சந்தித்தோம். ஆலங்கட்டியில் முன்கண்ணாடி நொறுங்கியிருந்தது. மழையைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லையாம்.

போகிறவர்களுக்கு: சாப்பாட்டோடு ஒன்பது நாளுக்கு இருவருக்கும் 2,450 யூரோ ஆனது. பிரெஞ்சுக் கடவுச்சீட்டு என்றால் இணையத்தில் பயண அனுமதி எடுத்தால் போதும், அப்போது ஆளுக்கு 14 டாலர். அகதிப் பயணப் பத்திரத்தில் போகிறவர்கள் விசா எடுக்கவேண்டும், மாதக்கணக்கில் முன்னரே தொடங்குங்கள். கார்க் காப்புறுதியில் ஆலங்கட்டி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். மேகத்துக்குத் தென்கிழக்கே, தப்பிப்போகப் பாதையோடு நில்லுங்கள். காரில் யாராவது ஒருவர் திருப்பச் சொன்னால், ஏன் என்று கேட்காமல் திருப்புங்கள்.

இப்போதும் லா சப்பலில் இடி முழங்கினால் வதனி செபமாலையோடு குளியலறைக்குள் போகிறாள். இப்போது நானும் கூடவே போய்த் தொட்டி விளிம்பில் உட்காருகிறேன். நான் கூடத்து ஜன்னல் கண்ணாடியில் மின்னல் பார்ப்பதற்காகக் கதவை அவள் ஒரு சாண் திறந்து வைக்கிறாள்.