கமலினி அக்காவின் நிலவறைப் போத்தல்கள்

செய்தி வந்தபோது நான் பாலர் பள்ளியில் ஒரு பிள்ளையின் காலைப் பனிச்சப்பாத்துக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். அழைத்தது கமலினி அக்காவின் கணவர் சிவம் அண்ணை. வேலை நேரத்தில் அழைக்கிற மனிதர் அல்ல அவர். "ஸ்ரெல்லா, கமலினி எங்களை விட்டுட்டுப் போட்டாள்" என்றார். காலையில் பஸ் டிப்போவின் ஓய்வறையில் தேநீர்க் கோப்பையோடு இருந்த அக்கா அப்படியே சரிந்திருக்கிறார். மூளைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மற்றச் சப்பாத்தை யார் அந்தப் பிள்ளைக்குப் போட்டுவிட்டார்கள் என்று எனக்கு நினைவில்லை.

அன்று மாலையே எனக்கு இன்னொரு அழைப்பு வந்தது. யார் என்று எழுதமாட்டேன். இதை வாசிக்கும்போது அவருக்கே தெரியும். அனுதாபம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஈரலோ?" என்று கேட்டார்.

"இல்லை, மூளை. சிலருக்கு அது இருக்கு" என்றேன். அந்தப் பதிலுக்காக நான் இன்றுவரை வருந்தவில்லை.

அக்காவை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறிந்ததாக நினைத்துக்கொண்டு கதைத்தவர்களும் வாசிக்கலாம். கமலினி அக்கா இந்த ஒஸ்லோ நகரத்தில் பஸ் ஓட்டிய பெண். ரொம்சோஸில் எங்கள் அடுக்குமாடியில் எனக்கு இரண்டு மாடி மேலே இருந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆனால் சண்டை பிடிப்பதில் நாங்கள் ஒரே வயது. அவர் வீட்டு நிலவறையில் பியர் போத்தல்களை வருடக்கணக்கில் முதிரவைத்து, சுவைத்துப் பார்த்தார். இந்தக் கடைசி வசனத்தை மட்டும் எல்லா இரங்கல் உரைகளும் தாண்டிக்கொண்டு போய்விட்டன. நான் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அது ஒரு மறதியால் தொடங்கிய விஷயம். டிப்போவில் கூட வேலை செய்த ஒரு நோர்வேக்காரர், நத்தார்ப் பண்டிகைக்கென்று வீட்டில் தானே காய்ச்சிய பியரில் ஒரு போத்தலை அக்காவுக்குக் கொடுத்தார். சிவம் அண்ணை குடிப்பதில்லை. அக்காவுக்கும் அந்தக் காலத்தில் பழக்கமில்லை. அதனால் போத்தல் நிலவறைக்குப் போனது. எங்கள் மாடிகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே ஒரு சின்னக் களஞ்சிய அறை உண்டு, பூட் என்போம். பலகைச் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்த சுவர், அதே மாதிரி ஒரு கதவு, ஒரு மாங்காய்ப் பூட்டு. அரிசி மூட்டை, பனிச்சறுக்குக் கட்டை, பிள்ளைகளின் பழைய தொட்டில் எல்லாம் அங்கேதான் கிடக்கும். மூன்று வருடங்களுக்குப் பிறகு அரிசி மூட்டையை இழுத்தபோது அந்தப் போத்தல் உருண்டு வந்தது. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு என் கதவைத் தட்டினார். "பழுதாப் போயிருந்தால் ரெண்டு பேருமாச் சாவம், வா" என்றார்.

பழுதாகவில்லை. நாங்கள் இருவரும் ஒரு வாய் குடித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பியர் என்றால் புளித்த தண்ணீர் என்று நினைத்திருந்தோம். இது கறுப்பாக, தடிப்பாக, பனங்கட்டிப் பாகில் ஏதோ மரத்தை ஊறவைத்த மாதிரி இருந்தது. மறுநாள் அக்கா அந்த நோர்வேக்காரரிடம் போய், புதிதாகக் காய்ச்சியதில் இன்னொரு போத்தல் வாங்கி வந்தார். அது வேறு பியர் போல இருந்தது. வாயைச் சுருக்கும் கசப்பு, மேலே நுரை, வேறொன்றும் இல்லை. "அப்ப, வேலை செய்தது காலம்தான்" என்றார் அக்கா. அன்றிலிருந்து அவருக்குப் பித்துப் பிடித்தது.

எல்லாப் பியரும் வைத்தால் நன்றாகும் என்று நினைத்ததுதான் அவர் செய்த முதல் பிழை. அடுத்த பிழையை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். அந்த வருடம் ஆடி மாதம் நல்ல வெயில். ஊறுகாய்ப் போத்தலுக்கு வெயில் காட்டுகிறோமே, இதற்கும் காட்டினால் என்ன என்று, பச்சைப் போத்தல்களாகப் பார்த்து எடுத்துப் பல்கனியில் வரிசையாக அடுக்கிவிட்டார். ஒரு வாரம் வெயில். பிறகு டிப்போ ஆட்களை அழைத்து, பெருமையோடு திறந்தார். வீடு முழுக்கப் பூனை மூத்திர மணம். நோர்வேக்காரர்கள் மரியாதைக்கு ஒரு மிடறு குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள். அக்கா குடித்தார், துப்பினார், பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பியருக்கு வெளிச்சமே ஆகாது என்று அன்றுதான் தெரிந்தது. தன் பிழையை அவரே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். "வெயில் காட்டிப்போட்டன் மச்சாள், நாசமாப் போச்சு!"

அதற்குப் பிறகு முறையாகச் செய்தார். மதுசாரம் கூடிய கறுப்புப் பியர்களை மட்டும் வைத்தார். அவற்றைப் பல்பொருள் கடையில் விற்பதில்லை. அரச மதுக்கடையில்தான் வாங்கவேண்டும். ஒரே பியரில் ஏழெட்டுப் போத்தல் வாங்குவார். சிவம் அண்ணை தட்டு அடித்துக் கொடுத்தார். போத்தல்கள் அங்கே நிமிர்ந்து நின்றன. படுக்கவைத்தால் அடியில் இருக்கும் மண்டி கலங்கிவிடும் என்பார். கார்த்திகை வந்ததும், அடுத்த நாள் வேலை இல்லாத ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், ஒவ்வொரு வகையிலும் ஒன்றைத் திறப்பார். போன வருடம் எப்படி இருந்தது, இந்த வருடம் எப்படி மாறியிருக்கிறது. ஒரு போத்தலை நாங்கள் சின்னக் கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றி, பின்னேரம் முழுவதும் வைத்துக்கொண்டு சண்டை பிடிப்போம்.

சண்டை முழுவதும் சுவைக்குப் பெயர் வைப்பதில்தான். ஒரு கறுப்புப் பியர் முதல் வருடம் கருகிய தேங்காய்ப்பூ மாதிரி இருந்தது, வேப்பம்பூ வடகத்தின் கசப்போடு. இரண்டு வருடத்தில் கசப்பு அடங்கியது. அதற்கு அடுத்த வருடம் அடியில் ஒரு புளிப்பு இனிப்பு வந்தது. அக்கா அதைப் பினாட்டு என்றார். வெயிலில் காய்ந்த பனம்பழக் களியின் சுவை என்பது அவர் வாதம். நான் முந்திரிகை வத்தல், உலர்ந்த திராட்சைதான் என்றேன். இந்த வழக்கு வருடக்கணக்காக நடந்தது. ஊர் ஞாபகத்தில்தான் பினாட்டு என்கிறீர்கள் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஞாபகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நாக்குக்குத் தெரிஞ்ச பேரைச் சொல்லுறன். நோர்வேக்காரன் அவனுக்குத் தெரிஞ்ச பழத்தைச் சொல்லேக்கை அவனைக் கேக்கிறியோ?"

நீதிபதி சிவம் அண்ணை. அவர் குடிக்கமாட்டார், மணந்து மட்டும் பார்ப்பார். கண்ணாடிக் கோப்பையை மூக்குக்குக் கீழே பிடித்து, கண்ணை மூடி, நீண்ட நேரம் யோசித்து, "ரெண்டும் இருக்கு" என்பார். ஒவ்வொரு வருடமும் அதே தீர்ப்புத்தான். இரண்டு பெண்களுக்கு நடுவில் உயிரோடு இருக்கத் தெரிந்த மனிதர்.

பலகை இடைவெளியால் போத்தல்கள் தெரிந்தன. அவ்வளவுதான் நடந்தது, மற்றதெல்லாம் நாங்கள் தமிழர்களாகச் சேர்ந்து செய்தது. முதலில் பியர் குடிக்கிறா என்றார்கள். பிறகு நிலவறைக்குள் இருந்து குடிக்கிறா, கூட இருந்து குடிக்கிறது யார் என்றார்கள். பிறகு, குடித்துவிட்டுப் பஸ் ஓடுகிறா. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் பெயர் சொல்லாமல் டிப்போவுக்குத் தொலைபேசி எடுத்தார். மேலதிகாரி அக்காவைக் கூப்பிட்டு, சங்கடப்பட்டுக்கொண்டே குழாயை நீட்டினாராம். "ஊதச் சொன்னவர். ஊதினன். பூச்சியம். நாளைக்கும் ஊதுறன், நாளையிண்டைக்கும் ஊதுறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்" என்றார். சொன்னது போலவே ஒரு மாதம் முழுக்க, யாரும் கேட்காமலே, பஸ் எடுக்கும் முன் மேலதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று ஊதினார். "போதும் கமலினி" என்று அந்த மனிதர் கெஞ்சவேண்டியதாயிற்று.

நான் பயந்துபோனேன். பூட் கதவுக்கு ஒரு துணி கட்டுவோம், வெளிச்சமும் படாது, கண்ணும் படாது என்று சொன்னேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் துணி கட்டினால் அவையள் சொல்லுறது உண்மையெண்டாயிடும்" என்றார். அடுத்த நாள் நிறைந்த போத்தல்களை அட்டைப் பெட்டிகளுக்குள் வைத்துப் பின்தட்டுக்கு நகர்த்தினார். முன்தட்டில், குடித்து முடித்த வெறும் போத்தல்களைக் கழுவித் துடைத்து, பெயர் தெரிய வெளிப்பக்கம் திருப்பி, கடைக் கண்ணாடியில் வைப்பதுபோல் வரிசையாக அடுக்கினார். "பாக்கிறவை வடிவாப் பாக்கட்டும்."

இதைக் கதைத்த அதே ஆண்கள், பிறந்தநாள் மண்டபங்களின் வாகனத் தரிப்பிடத்தில் கார் டிக்கியைத் திறந்துவைத்து, கடதாசிக் கோப்பையில் விஸ்கி குடித்தவர்கள். பனி கொட்டினாலும் நின்று குடித்தவர்கள். உள்ளே வந்து கேக் வெட்டப் பாட்டுப் பாடியவர்கள். அவர்களை யாரும் குடிகாரர் என்று சொல்லவில்லை. அக்கா அவர்களைப் பார்த்து ஒன்றுதான் சொல்வார்: "வெறிக்கிறதுக்குக் குடிக்கிறவனுக்கு நாக்கு எதுக்கு?"

இனி எட்டுச் செலவுக்கு வருகிறேன். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் எட்டாம் நாளில் சமைத்துப் படைப்பது வழக்கம். ஒஸ்லோவில் எட்டாம் நாளில் உடல் இன்னும் குளிரறையில்தான் இருக்கும். இங்கே தகனத்துக்கு அவ்வளவு நாள் காத்திருக்கவேண்டும். அதனால் தகனம் முடிந்து வந்த சனிக்கிழமையை எட்டாம் நாளாக்கிக்கொண்டார்கள். அக்காவின் வீட்டில் படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, புட்டு, கணவாய்க்கறி, இறால் பொரியல், வடை, அவர் விரும்பிச் சாப்பிடும் கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் வைத்திருந்தார்கள். இலையின் ஓரத்தில் ஒரு தோடம்பழச் சோடாப் போத்தல் நின்றது.

அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சிவம் அண்ணையின் தமையன் குணம் அண்ணைதான் எல்லாவற்றையும் முன்னின்று செய்தார். இரண்டு வருடத்துக்கு முன் அவர்களுடைய தகப்பனுக்கு இதே வரவேற்பறையில் எட்டுச் செலவு செய்தபோது, இதே இடத்தில் விஸ்கிப் போத்தலை வைத்தவரும் அவர்தான். பக்கத்தில் சோடா, ஐஸ்கூட வைத்திருந்தார். நான் வாசலில் தொங்கிய பூட் திறப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய், பின்தட்டிலிருந்து அந்த வழக்குப் பியரில் ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"என்ன இது?" என்றார் குணம் அண்ணை.

"அக்காவுக்குப் பிடிச்சது."

"பொம்பிளையின்ரை படையலிலை குடிபோத்தல் வைக்கிறதை நான் எங்கையும் கேள்விப்படேல்லை."

"பொம்பிளை பஸ் ஓடுறதையும் நீங்கள் அக்காவிலைதான் முதல் கண்டனீங்கள், அண்ணை."

"நீர் வேதக்காரி. உமக்கு எங்கடை முறை விளங்காது."

"ஓம், வேதக்காரிதான். எங்கடை கோயிலிலை வைனைப் பீடத்திலைதான் வைக்கிறவை."

அறையில் அழுகை நின்றுபோனது. நான் போத்தலைக் கீழே வைக்காமல் நின்றேன். அந்தப் போத்தல் அன்று கீழே திரும்பிப் போயிருந்தால், கமலினி அக்கா என்ற பெண் அந்த வீட்டில் இருந்ததே பொய்யாகியிருக்கும். சோடா குடித்த, யாருக்கும் தொந்தரவு இல்லாத, வேறு யாரோ ஒருவருக்குத்தான் நாங்கள் படைத்திருப்போம்.

மூலையில் இருந்த சிவம் அண்ணை எழுந்து வந்தார். தமையன் முன்னால் அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் சத்தமாகப் பேசவில்லை. "அண்ணை, அவள் ஒருநாளும் உந்தச் சோடா குடிச்சதை நான் காணேல்லை. அதை எடுங்கோ." குணம் அண்ணை எடுக்கவில்லை. சிவம் அண்ணையே எடுத்துக் குசினியில் வைத்துவிட்டு, என் கையிலிருந்த போத்தலை வாங்கினார். மண்டி கலங்காமல் மெதுவாகத் திறந்து, அக்காவின் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, இலையில் வைத்தார். தேவாரம் பாடி, விளக்கை வைத்துவிட்டு, முறைப்படி கதவைச் சாத்தி எல்லோரும் வெளியே நின்றோம். குணம் அண்ணை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கதவைத் திறந்த பிறகு படையலைப் பகிர்ந்தார்கள். போத்தலில் மிச்சம் இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. அப்போது குணம் அண்ணையின் மனைவி பவளம் அக்கா, இத்தனை வருடமும் ஆண்களின் விஸ்கிக்குக் கணவாய் பொரித்துக் கொடுத்தே கை காய்த்தவர், தன் தண்ணீர்த் தம்ளரை வாயில் கவிழ்த்துக் காலியாக்கிவிட்டு என் பக்கம் நீட்டினார். "எனக்கும் கொஞ்சம் விடும்." ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தார். "கைக்குது." கொஞ்சம் பொறுங்கோ என்றேன். பொறுத்தார். பிறகு தம்ளரைத் திரும்ப நீட்டினார்.

சிவம் அண்ணை இலையிலிருந்த அக்காவின் கண்ணாடிக் கோப்பையை எடுத்து மூக்குக்குக் கீழே பிடித்தார். கண்ணை மூடினார். வழக்கத்தைவிட நீண்ட நேரம் எடுத்தார்.

"பினாட்டு" என்றார்.

இத்தனை வருட வழக்கு அந்த ஒரு சொல்லோடு எனக்கு எதிராகத் தீர்ந்தது. "இல்லை அண்ணை, முந்திரிகை வத்தல்" என்றேன், அழுதுகொண்டே. செத்துப்போனார் என்பதற்காக நான் விட்டுக்கொடுத்தால் அக்கா என்னை மன்னிக்கமாட்டார்.

அன்று புறப்படும்போது சிவம் அண்ணை பூட்டின் திறப்பை என் கையில் வைத்தார். "நான் குடிக்கிறேல்லை. ஆனால் ஒருத்தரும் வெளியிலை ஊத்த விடமாட்டன். நீ பார்த்துக்கொள்." அந்தத் திறப்புத்தான் அக்காவிடமிருந்து எனக்கு வந்தது. அதோடு ஒரு நாக்கும் வந்தது, கசப்பைக் கண்டவுடன் துப்பாமல் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிற நாக்கு. பேசவேண்டிய இடத்தில் அது பொறுக்காது; அதுவும் அவர் கொடுத்ததுதான்.

பின்தட்டில் இன்னும் போத்தல்கள் நிமிர்ந்து நிற்கின்றன. முன்தட்டில் வெறும் போத்தல்களை நான் வாரம் ஒருமுறை துடைத்து வைக்கிறேன். புதிதாக ஒன்று அங்கே சேர்ந்திருக்கிறது, எட்டுச் செலவுப் போத்தல். கதவுக்குத் துணி கட்டவில்லை. கார்த்திகை வந்ததும், ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், நானும் பவளம் அக்காவும் அடுத்ததைத் திறப்போம். சிவம் அண்ணை மணந்து பார்ப்பார். கமலினியோடு குடித்தது யார் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு: நான்தான். இனிப் பலகை இடைவெளியால் எட்டிப் பார்க்கவேண்டாம். தட்டுங்கள், திறக்கிறேன்.