நான் வெட்டிய ‘லா’

1. இரண்டாம் நாள் மத்தியானம்

“இந்த ஆறு பேரின் களப்பயிற்சியை எங்களால் ஏற்க முடியாது” என்றார் மார்கரெட், தேதி சொல்வதுபோல. அங்கீகாரக் குழுவின் தலைவர் அவர். மூன்று நாள் ஆய்வுக்காக வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார்.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் இயங்கிய தனியார் கல்லூரியில் நான் அக்ரெடிட்டேஷன் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். அதற்கு முன் பதினெட்டு ஆண்டுகள் தமிழ்ச் செய்தித்தாளில் துணையாசிரியர். கல்லூரி நடத்தியது அத்லெட்டிக் டிரெய்னிங் படிப்பு. கோச் ஆவதற்கான படிப்பு என்று பலரும் நினைப்பார்கள். மைதானத்தில் ஒருவர் விழுந்தால் முதலில் ஓடிப்போய், அவரை அசைக்கலாமா கூடாதா என்று முடிவெடுப்பவரை உருவாக்கும் படிப்பு அது. அங்கீகாரம் இல்லாவிட்டால் அதன் சான்றிதழ் வெறும் தாள்.

மார்கரெட் கையில் இருந்தது நான் தட்டச்சு செய்த மதிப்பீட்டுப் பட்டியல். மதிப்பிட்டவர் ஆரோக்கியசாமி, சுவா சூ காங்கில் ஒரு ஹாக்கி குழுவின் டிரெய்னர். எங்கள் மாணவர்கள் ஆறு பேர் அவரிடம் களப்பயிற்சி செய்தார்கள். எல்லாக் கட்டங்களிலும் ஒரே வாசகம்: ‘ஏபிள் டு பெர்ஃபார்ம்’, செய்ய முடியும்.

“இவர் யாரையும் கவனித்ததாகத் தெரியவில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.”

இந்த முடிவு நின்றால் ஆறு பேரும் ஓர் அரையாண்டைத் திரும்பச் செய்ய வேண்டும். ஆரோக்கியத்திடம் இனி யாரையும் அனுப்பவும் முடியாது.

வெளியே வந்து அவரை ஃபோனில் அழைத்தேன்.

“ஆரோக்கியம், எல்லாருக்கும் ஒரே மாதிரி போட்டிருக்கீங்களே?”

“யாருக்கா சொன்னா? ரெண்டு மாதிரியால்ல போட்டேன்.”

“எங்க? உங்க புத்தகத்துல எல்லாம் ‘கேன்’, முடியும்னுதானே?”

“கண்ணாடிய மாத்துங்கக்கா. ‘கேன்’ வேற, ‘கேன் லா’ வேற.”

அவர் பேனாவால் எழுதிய புத்தகத்திலிருந்து கணினியில் ஏற்றியது நான். சிங்கப்பூர்ப் பேச்சில் வாக்கியக் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் அந்த ‘லா’வை, வந்த இடமெல்லாம் எடுத்துவிட்டேன். பேட்டிகளிலிருந்து ‘லா’வை நீக்குவது பத்திரிகை மேசையில் என் அன்றாட வேலை. பொருள் மாறாது, இடம் மிச்சமாகும். இங்கேயும் கை தன்பாட்டுக்கு அதையே செய்திருந்தது. மிஞ்சிய ‘கேன்’ நன்றாக இல்லை என்று அதற்கும் இஸ்திரி போட்டு ‘ஏபிள் டு பெர்ஃபார்ம்’ ஆக்கியிருந்தேன்.

“என்ன வித்தியாசம், தம்பி?”

“‘கேன்’னா செய்வாங்க, ஆனா நான் பக்கத்துல நிக்கணும். ‘கேன் லா’ன்னா நான் டீ வாங்கப் போயிடலாம்.”

“இத ஏன் எங்கயும் எழுதி வைக்கல?”

“சிங்கப்பூர்ல இத வேற எழுதி வைக்கணுமாக்கா?”

உள்ளே போய் நான் செய்ததைச் சொன்னேன். பிழைக்குத் திருத்தம் வெளியிட்டுப் பழகிய தொழில்தான் என்னுடையது. ஆனால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னதில்லை. மார்கரெட் மூலப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“நாளைக் காலை மைதானத்துக்குப் போவோம். எதைச் செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும் என்று நான் அங்கே சொல்கிறேன். இந்தப் புத்தகம் என்னிடமே இருக்கட்டும்.”

2. ஆரோக்கியத்தின் கை

மறுநாள் காலை ஒரு மாணவனைப் புல்லில் படுக்கச் சொன்னார் மார்கரெட். கழுத்தில் அடிபட்டதாகப் பாவனை. ஒருவர் தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்து எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு மற்றவர்கள் உடலை ஒரே கட்டையாகப் புரட்ட வேண்டும்.

அந்த ஆறு பேரில் முதலில் தலையைப் பிடித்தவள் கவிதா. அவள் மண்டியிட்டதுமே ஆரோக்கியம் திரும்பி பெஞ்சுக்கு நடந்து, பிளாஸ்க்கைத் திறந்தார். அடுத்து நூருல். இந்த முறை ஆரோக்கியம் திரும்பி வந்து அவளுக்குப் பின்னால் குந்தி, இரு உள்ளங்கைகளையும் அவள் கைகளுக்கு ஓர் அங்குலம் தள்ளி விரித்து வைத்தார். அவள் எண்ணி முடிக்கும்வரை அந்தக் கைகள் அவளைத் தொடவில்லை. அங்கிருந்து விலகவும் இல்லை.

மார்கரெட் புத்தகத்தைப் பார்த்தார். கவிதாவுக்கு ‘கேன் லா’. நூருலுக்கு ‘கேன்’.

“உனக்கு எது போட்டிருக்கிறார் என்று தெரியுமா?” என்று நூருலிடம் கேட்டார்.

அவள் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள்: “தெரியும் லா. அவர் கை இன்னும் அங்கதானே இருக்கு!”

மார்கரெட் மேலும் நான்கு திறன்களைச் செய்யவைத்துப் பார்த்தார். புத்தகமும் அந்தக் கையும் எங்கேயும் முரண்படவில்லை. ஆறு பேரின் களப்பயிற்சியையும் ஏற்றுக்கொண்டார். நிபந்தனை ஒன்றுதான்: ‘கேன்’ எது, ‘கேன் லா’ எது என்ற அளவுகோலை எழுத்தில் தர வேண்டும்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு என்னிடம் சொல்ல இருப்பது இவ்வளவுதான். புரியாத சொல்லை யாரும் வெட்ட மாட்டார்கள், பயம் இருக்கும். நன்றாகப் புரிந்துவிட்டதாக நினைக்கும் சொல்லை வெட்டுவதற்கு முன்தான் எழுதியவரிடம் கேட்க வேண்டும்.

அளவுகோலை எழுதி ஆரோக்கியத்திடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

“கேன்” என்றார்.

“அவ்வளவுதானா?”

“அடுத்த பேட்ச் புத்தகத்த எப்படி ஏத்துறீங்கன்னு பாத்துட்டு, ‘லா’ போடுறேன்க்கா.”

சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு என் கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.