இரும்பு இல்லாத இழைப்புளி

இது என் கண்ணெதிரே நடந்தது. நம்பாதவர்கள் தாராளமாக எழுந்து போகலாம். உங்களைக் கெஞ்சிக் கூத்தாடி நம்பவைக்க எனக்கென்ன தலையெழுத்தா?

பழைய தச்சுக் கருவிகளைப் பார்த்துத் தரம் சொல்வது என் வேலை. எது இழைப்புளி, எது அடுப்புக்கட்டை என்று தெரியாத அரைகுறைகளோடு இருபத்திரண்டு வருடமாக மாரடிக்கிறேன். அன்று ஒரு தச்சரின் மகள் கூப்பிட்டிருந்தாள். அப்பா இறந்து எட்டு மாதம். பட்டறையில் மரம் சீவும் இழைப்புளிகள் ஏழு. திங்கட்கிழமை அவள் தம்பி முதல்முறையாகத் தச்சு வேலைக்குப் போகிறான். அவனுக்கு நல்லதாக ஒன்று வேண்டும். மற்றவை அடுப்புக்கு. அம்மா ஊரில் இல்லை.

"நல்லா பாத்து எடுங்க சார். அவனுக்கு இன்னும் கை பழகல."

எனக்கே பாடமா? "நீங்க வெளியில இருங்கம்மா" என்றேன்.

மதியம் 2.10. அந்த மனிதர் கருவி வைத்திருந்த லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே! ஒன்று, அடிப்பாகம் வளைந்து தொட்டில் மாதிரி ஆடியது. இன்னொன்றில் சீவல் வெளிவரும் வாயில் என் விரலே நுழைந்தது. கறுத்து, மூலை சிதைந்து கிடந்த ஒன்றைத் தொடவே அருவருப்பாக இருந்தது. அடுப்புக்கு என்று ஆறின் மேலும் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டேன். ஏழாவது மட்டும் பளபளவென்று இருந்தது. பலகையில் ஓட்டினேன். சீவுகிற இரும்பு நல்ல கூர். அதைப் பிடித்திருக்கும் ஆப்பு இறுக்கமாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. திமிர்தான்.

2.25. கை கழுவிவிட்டு வந்தேன். பளபளப்பானதன் மேல் குறி இருந்தது. கறுத்ததன் மேல் இல்லை.

மகள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"உள்ள வந்தீங்களா?"

"இல்லையே..."

துடைத்துவிட்டு மறுபடி சரியாகப் போட்டேன்.

2.31. முதுகுக்குப் பின்னால்... ஸ்ர்ர்ர்க்.

திரும்பினேன். யாரும் இல்லை. பலகையிலிருந்து நீளமான ஒரு சீவல் மெல்லக் கீழே விழுந்தது.

ஸ்ர்ர்ர்க்...

கறுத்ததைத் தொட்டேன். இரும்பு சுட்டது.

குறி மறுபடி மாறியிருந்தது.

செத்துப்போன ஒரு தச்சன் எனக்குத் தரம் சொல்லித் தருவதா என்ற கடுப்பு பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. குறியை அழித்து, பளபளப்பானதை மகள் கையில் திணித்துவிட்டு நடையைக் கட்டினேன். நடந்ததைச் சொல்லவில்லை.

திங்கள் காலை 8.05. போனில் அவள் தம்பி.

"நீங்கல்லாம் என்ன ஆளு சார்? இரும்பே இல்லாத இழைப்புளிய எடுத்துக் குடுத்திருக்கீங்க! இங்க எல்லாரும் சிரிக்கிறாங்க."

"இருந்துச்சேப்பா! நானே ஓட்டிப் பாத்தேன்!"

"அக்கா பூட்டிக் குடுத்த பைய இப்பதான் தொறக்கறேன். உள்ள இல்ல."

அந்த வீட்டையே புரட்டித் தேடினார்கள். இரும்பு இன்றுவரை கிடைக்கவில்லை.

அன்று மாலை 6.40. ஊரிலிருந்து திரும்பிய அவர்கள் அம்மா போனில் பேசினார்.

"எதைக் குடுத்தீங்க... அந்தப் பளபளன்னு இருக்கறதையா?"

"ஆமாம்மா."

"ஐயோ... அதோட ஆப்பு கழண்டுதாங்க அவர் மணிக்கட்டு அறுந்துச்சு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள ரத்தமெல்லாம் போயிடுச்சு. கறை போகணும்னு பிள்ளைங்களுக்குத் தெரியாம நான்தான் அப்போ ரெண்டு நாள் தேய்ச்சேன்... அதான் அப்படிப் பளபளக்குது."