என் அக்கா சட்டம் படிக்கவில்லை

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் பலர், அக்காவின் மரண அறிவித்தலில் ‘சட்டத்துறை மாணவி’ என்று வாசித்திருப்பீர்கள். அதை எழுதியவன் நான், அவருடைய தம்பி சேயோன். அது பொய்.

அக்கா, மகேந்திரராஜா நிலக்சி, ஜேர்மனியின் ஹம் நகரில் பிறந்தவர். ஒன்பது வருடம் முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். முப்பத்திரண்டு வயதில் அதை விட்டுவிட்டு, இளையோர் சிறையில் காவலராவதற்கான இரண்டு வருடப் படிப்பில் சேர்ந்தார்.

“கட்டிலிலை கிடக்கிற ஆக்களோடை இருந்து பழகீட்டன். இனிக் கதவை உதைக்கிற ஆக்களோடை இருந்து பாப்பம்” என்றார்.

சாப்பாட்டு மேசையில்தான் பாடம் நடக்கும். உள்ளே வரும் பதினாறு வயதுப் பெடியனிடம் பொக்கற்றில் இருப்பதை எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். அதட்டக்கூடாது, கெஞ்சவும் கூடாது. அந்தப் பெடியனாக நடிப்பது நான்.

“பொக்கற்றுக்குள்ளை இருக்கிறதை மேசையிலை வையுங்கோ.”

“ஏலாது, திறப்புக்காரி.”

சாவிக்கொத்தைச் சொல்லி நான் சீண்டினாலும் சிரிக்காமல், அதே குரலில் திரும்பவும் சொல்வார். வீட்டுக்குள் இந்த விளையாட்டு எனக்குப் பிடித்திருந்தது. வெளியில்தான் நாக்கு மாறியது.

ஒரு கலியாண வீட்டில் ரகுநாதன் அண்ணை, “தம்பி, அக்கா இப்ப என்ன படிக்கிறா?” என்று கேட்டார்.

“சட்டம், அண்ணை.”

அடுத்த சனிக்கிழமையே, தன் வாடகை வீட்டுச் சொந்தக்காரன் அனுப்பிய கடிதத்துடன் அவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். “பிள்ளை, சட்டம் படிக்கிறியாம். இதை ஒருக்காப் பார்.” அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இரண்டு மணித்தியாலம் இருந்து அதை வாசித்து, வாடகைக்கு இருப்போர் சங்கத்தில் போய்ச் சந்திக்க அவருக்கு ஒரு டெர்மினும் எடுத்துக் கொடுத்தார்.

அவர் போன பிறகு, “வக்கீலாக்கிப்போட்டாய். கறுப்பு அங்கி எப்ப வாங்கித் தாறாய்?” என்றார்.

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

“உனக்கு வெக்கமோ, தம்பி?”

“எனக்கில்லை. பொம்பிளைப்பிள்ளை மறியலுக்குள்ளை கைதியளோடை நிக்கிறா எண்டு சனம் கதைக்கும்.”

“சனம் இன்னும் ஒண்டும் கதைக்கேல்லை. நீதான் கதைச்சனீ.”

கடைசிப் பரீட்சைக்கு ஏழு கிழமை இருக்க, மூளையில் இரத்தம் கசிந்து அக்கா போய்விட்டார்.

இறுதிக் கிரியைக்கு அவருடைய பயிற்சி ஆசிரியை வந்திருந்தார். கையில் மடித்த கடதாசி. இரண்டு நிமிடம் பேசலாமா என்று கேட்டார். நான் அவரைக் கதவடிக்குக் கூட்டிப்போய், சிறை என்ற சொல் வராமல் பேச முடியுமா என்றேன். “அப்படியென்றால் நான் சொல்ல ஒன்றுமில்லை” என்று கடதாசியைக் கைப்பைக்குள் வைத்தார். பெட்டியடியில் தனியே நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் செய்தவற்றில் இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உயிரோடு இருந்தபோது அக்கா எனக்குப் பதில் சொல்லக்கூடியவராக இருந்தார். அன்று அவருக்காகப் பேச வந்தவரையும் நான் தடுத்துவிட்டேன்.

“அவள் போயிட்டாள். இனி ஆருக்கு இதெல்லாம் எழுதுறாய்?” என்று அம்மா கேட்கிறார்.

போன கிழமை ஆசிரியைக்கு எழுதினேன், முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்துக்கு வந்து அன்று எழுதி வைத்திருந்ததை வாசிக்க முடியுமா என்று. அந்த நாளில் தனக்கு வகுப்பு இருப்பதாக மரியாதையாகப் பதில் போட்டார். கடதாசியையாவது அனுப்புங்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆகவே, அக்காவைப் பற்றி அங்கே என்ன நினைத்தார்கள் என்பது இந்த மலரில் இல்லை.